சொன்ன விலை எத்தனை நாள் நிற்க வேண்டும்?

கிராமத்தில் ஒரு பள்ளிக் கட்டடமோ, சிறு பாலமோ, மழைநீர்க் கால்வாயோ எழ வேண்டுமாயின், கல்லும் மணலும் வந்து இறங்குவதற்கு முன் அதன் விலை முடிவாக வேண்டும். பஞ்சாயத்து பணம் ஒதுக்குகிறது. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். ஒப்பந்தக்காரர்கள் தத்தம் விலையைக் கூறுகின்றனர். இவை யாவரும் அறிந்தவையே. ஆனால், ஒப்பந்தக்காரர் கூறிய அந்த விலைக்கு ஆயுள் எவ்வளவு என்பதை நம்மிற் பலர் கேட்பதில்லை. வேலை தொடங்கும் நாளில், "அன்று சொன்ன விலை வேறு, இன்று வேறு" என்ற பேச்சு எழும்போதுதான் அக்கேள்வி நினைவுக்கு வருகிறது. இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் மட்டுமன்றி, சொந்தமாக வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் பயன் தருவதாகும்.

மூன்று வேறு சொற்கள்

மதிப்பீடு, விலைப்புள்ளி, ஒப்பந்தம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. மதிப்பீடு என்பது வேலைக்கு ஏறத்தாழ எவ்வளவு செலவாகும் என்னும் கணக்கு. அது வழிகாட்டியேயன்றி, எவரையும் கட்டுப்படுத்தும் வாக்குறுதி ஆகாது. விலைப்புள்ளி என்பது, "இந்த வேலையை இந்த விலைக்கு நான் செய்து தருகிறேன்" என்று ஒப்பந்தக்காரர் முன்வைக்கும் முனைவு. அம்முனைவை நாம் ஏற்று, அந்த ஏற்பைத் தெரிவிக்கும்போது ஒப்பந்தம் பிறக்கிறது. ஒப்பந்தம் பிறந்தபின் விலையை மாற்ற ஒருதலையாக எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே நம் கேள்வி, விலை கூறிய நாளுக்கும் ஏற்புத் தெரிவித்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியதாகும்.

சட்டம் கூறுவது

இவ்விடைக்காலத்தை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆள்கிறது. அதன் 5-ஆம் பிரிவின்படி, ஏற்பு தெரிவிக்கப்படும் வரை முனைவைத் திரும்பப் பெறலாம். 6-ஆம் பிரிவின்படி, முனைவில் காலம் குறிக்கப்பட்டிருந்தால் அக்காலம் கழிந்ததும் அது தானாகவே முடிந்துவிடும். காலம் குறிக்கப்படாவிடில் நியாயமான காலம் வரையில் மட்டுமே அது உயிருடன் இருக்கும். நியாயமான காலம் எது என்பது வேலையின் தன்மையையும் சந்தை நிலவரத்தையும் பொறுத்தது. சென்ற ஆண்டு வாங்கிய விலைப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வாண்டு அதன்படி வேலை கேட்பது செல்லாது.

7-ஆம் பிரிவு இன்னொன்றையும் வற்புறுத்துகிறது. ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். "உங்கள் விலைக்கு இணங்குகிறோம், ஆனால் கால்வாயின் ஆழத்தை அரை அடி கூட்ட வேண்டும்" என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது, புதிய முனைவாகிவிடும். பழைய விலையில் நிற்கும் கடமை ஒப்பந்தக்காரருக்கு அப்போது இல்லை.

முன்வைப்புத் தொகை எதற்காக?

ஏற்பு வரும்வரை எவரும் விலகலாம் என்றால், தொண்ணூறு நாள் இவ்விலையில் நிற்பேன் என்று எழுதிக் கொடுப்பதன் பொருள் என்ன என்று கேட்கலாம். கைம்மாறு இன்றிக் கொடுத்த வெறும் வாக்கு நம் சட்டப்படி பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. அதனால்தான் டெண்டருடன் முன்வைப்புத் தொகை வாங்கப்படுகிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திற்கும் கங்கா என்டர்பிரைசஸ் என்ற நிறுவனத்திற்கும் இடையே எழுந்த வழக்கில், 2003-ல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிற்று. சுங்கம் வசூலிக்கும் குத்தகைக்கான அந்த டெண்டரில் விலை 120 நாள் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. விலை கூறியவர் அதற்குள், ஏற்பு வருமுன்னரே விலகினார். ஏற்புக்கு முன் விலகும் உரிமை வேறு, குறித்த காலம் வரை நிற்பதற்கு ஈடாகக் கட்டிய தொகை வேறு என்றும், அத்தொகையைப் பறிமுதல் செய்தது செல்லும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலகலாம்; ஆனால் இலவசமாக விலக முடியாது என்பதே இதன் சாரம்.

அலுவலகத்தின் கடமை

விலையில் நிற்கும் கடமை ஒப்பந்தக்காரருக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்திற்குள் முடிவு செய்யும் கடமை நமக்கும் உண்டு. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தின் கீழ் 2000-ல் வகுக்கப்பட்ட விதிகள், டெண்டர் செல்லுபடியாகும் காலத்திற்குள் பரிசீலனையை முடித்துப் பணியை வழங்க வேண்டும் என்கின்றன. முடியாவிடில் கால நீட்டிப்புக் கோரலாம். நீட்டித்த காலத்திலும் முடியாவிடில் அந்த டெண்டர்கள் செல்லாதவையாகும். மீண்டும் டெண்டர் கோர வேண்டியதுதான். நீட்டிப்புக்கு இணங்குவது ஒப்பந்தக்காரரின் விருப்பம். இணங்காதவர் தம் முன்வைப்புத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலகுவதே முறை. அவரைக் குறை கூறுவதற்கில்லை.

காலம் நீள நீள விலை ஏறும்

அப்படியாயின், 180 நாள் என்று நீண்ட காலத்தைக் குறித்துவிட்டால் நமக்குப் பாதுகாப்புத்தானே எனச் சிலர் எண்ணலாம். இது தவறு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கால்வாய்ப் பணிக்கு ஒருவர் ரூ.10,00,000 விலை கூறுகிறார் என்று கொள்வோம். அதில் பொருள்களுக்கு ரூ.6,00,000, கூலி முதலியவற்றுக்கு ரூ.3,20,000, எஞ்சும் ரூ.80,000 அவருக்கு மிச்சம். பொருள் விலை 10 விழுக்காடு ஏறினால் ரூ.60,000 கூடும், அவர் மிச்சம் ரூ.20,000 ஆகச் சுருங்கும். ஆறு மாதம் விலை நிற்க வேண்டுமென்றால், அறிவுள்ள ஒப்பந்தக்காரர் இந்த ஆபத்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிடுவார். அறிவற்றவர் குறைந்த விலை கூறி வேலையைப் பெறுவார். பின்னர் சிமெண்டைக் குறைத்தோ, வேலையைப் பாதியில் நிறுத்தியோ அதனை ஈடு செய்யப் பார்ப்பார். இரண்டிலும் நட்டம் ஊருக்கே.

விலை மாறுவது கற்பனை அன்று. அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் செய்யும் கட்டுமானப் பணிகள் பலவற்றின் மீதான ஜி.எஸ்.டி. வரி 2022 ஜூலை 18 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாயிற்று. தமிழ்நாட்டில் கனிமம் தாங்கிய நிலங்களின் மீதான புதிய வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எம்-சாண்டும் ஜல்லியும் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிற்று. விலை இறங்கியதும் உண்டு. சிமெண்டு மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ.250 விலையுள்ள ஒரு மூட்டைக்கு ரூ.25 இதனால் மிச்சமாகும். ஏற்றத்தில் ஒப்பந்தக்காரர் தம் சொல்லில் நிற்க வேண்டும் என்று கோரும் நாம், இறக்கத்தில் அவருடைய விலையைக் குறைக்க வற்புறுத்துவது நேர்மை ஆகாது. வரி மாற்றம் யாரைச் சேரும் என்பதை முதலிலேயே எழுதிவிடுவது நலம்.

முடிச்சூர் கற்பிக்கும் கணக்கு

தாம்பரத்திற்கு மேற்கே, அடையாற்றை அடுத்துள்ள முடிச்சூரை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரை மீறி, முடிச்சூரும் அதன் அண்டையிலுள்ள வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய ஊரில் கால்வாய்ப் பணி ஐப்பசிக்கு முன் முடிவதும் பின் முடிவதும் ஒன்றல்ல.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. ஒரு கால்வாயைக் கட்ட 60 நாள் ஆகும் என்றும், செப்டம்பர் 30-க்குள் முடிய வேண்டும் என்றும் கொள்வோம். அப்படியானால் ஆகஸ்டு முதல் நாள் வேலை தொடங்க வேண்டும். ஒப்பந்தம் எழுதவும் பொருள் சேர்க்கவும் 15 நாள் ஒதுக்கினால், ஜூலை நடுவில் ஏற்பு அனுப்பப்பட வேண்டும். ஜூன் முதல் நாள் டெண்டர் திறக்கப்பட்டிருந்தால் நமக்குக் கிடைப்பது சுமார் 45 நாள்தான். விலை 90 நாள் செல்லும் என்று டெண்டரில் இருக்கலாம். அது ஆகஸ்டு 30 வரை நிற்கும். ஆனால் அன்று ஏற்பை அனுப்பினால், தோண்டிய பள்ளத்தில் கம்பி கட்டும் நாளில் மழை வந்து நிற்கும். தோண்டி விட்ட பள்ளம், தோண்டாத தெருவைவிட ஆபத்தானது. எனவே விலையின் ஆயுளைக் கடைசி எல்லையாகக் கருதுவதே முறை. அதுவரை காத்திருக்கலாம் என்ற அனுமதியாகக் கொள்ளலாகாது.

வீடு கட்டுவோருக்கு

முடிச்சூர் போன்ற புறநகர் ஊர்களில் வீடு கட்டுவோரும், வெள்ளத்திற்கு அஞ்சி அடித்தளத்தை உயர்த்துவோரும் மேஸ்திரியிடம் "சதுர அடிக்கு என்ன விலை?" என்று கேட்டு, வாய்ச்சொல்லாகவே முடித்துவிடுகின்றனர். இதனால் விளையும் பூசல்கள் பல. கீழ்க்கண்டவற்றைக் கவனித்தால் அவற்றைத் தவிர்க்கலாம்.

ஒன்று: விலையை நாளிட்டு எழுத்தில் பெறுக. "இவ்விலை இன்ன தேதி வரை செல்லும்" என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். தனியார் வீட்டு வேலைக்கு 15 முதல் 30 நாள் போதுமானது. வங்கிக் கடனை எதிர்பார்ப்பவர், அது கைக்கு வரும் நாளைக் கணக்கிட்டுக் கூடுதல் நாள் கேட்க வேண்டும்.

இரண்டு: சிமெண்டு, கம்பி, செங்கல் ஆகியவற்றின் வகையும், எம்-சாண்டு யூனிட் என்ன விலைக்குக் கணக்கிடப்பட்டது என்பதும் எழுதப்படட்டும். யூனிட் என்பது 100 கன அடி. விலை மாறினால் எவ்வளவு மாறிற்று என்பது அப்போதுதான் புலப்படும்.

மூன்று: கம்பி விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் அதிகப்படியை யார் ஏற்பது, இறங்கினால் யாருக்கு மிச்சம் என்பதை இருவரும் பேசி எழுதிக்கொள்க.

நான்கு: முன்பணம் கொடுக்கும் நாளிலேயே ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுக. முன்பணம் கொடுத்து, ஒப்பந்தத்தை ஒத்திப்போடுவது இருவருக்கும் தீங்கு.

ஐந்து: வேலை தொடங்கியபின் அறையைப் பெரிதாக்குவதும் மாடிப்படியை இடம் மாற்றுவதும் புதிய வேலைகள். அவற்றுக்குத் தனி விலை பேசுவதே நியாயம். பழைய விலையில் அடக்கப் பார்க்கக் கூடாது.

முடிவாக

விலை எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதற்கு எல்லா வேலைகளுக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. வாங்குபவர் முடிவு செய்ய நேர்மையாகத் தேவைப்படும் நாளும், விற்பவர் சந்தையைத் தாங்கக்கூடிய நாளும் சந்திக்கும் இடமே சரியான அளவு. சிறு பணிக்கு ஒரு மாதம் போதும். பஞ்சாயத்துப் பணிக்குப் பெரும்பாலும் 90 நாள் குறிப்பது வழக்கம். எத்தனை நாளாயினும், எழுத்தில் குறிப்பதும், அதற்குள் முடிவு செய்வதும், செய்த முடிவை உடனே தெரிவிப்பதும் நம் கையில் உள்ளவை. டெண்டர் திறந்த அன்றே, அது காலாவதியாகும் தேதியையும், பணி முடிய வேண்டிய தேதியையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் அருகருகே எழுதி வைப்போமாக. அவ்விரு தேதிகளையும் கிராம மக்கள் நாள்தோறும் காண்பார்களாயின், கோப்பு எந்த மேசையிலும் தங்காது; கால்வாயும் மழைக்கு முன் முடியும்.