தானே விழுந்து முளைக்கும் மலர்ச்செடிகள்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஆயுதபூஜையன்று தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் மலர் வெகுவாய்ச் செலவாகிறது. இத்தேவையை நாடும் நிலச்சுவான்தார்கள், ஒருமுறை விதைத்தால் பின்னர் தாமே விழுந்து முளைக்கும் வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகியவற்றைக் கவனித்தல் நலம்.

குளிர் தேசங்களில் இவ்வாறு உதிர்ந்த விதைகள் வசந்தத்தில் மலர்தருவதுண்டு. நமக்கோ மழையே வசந்தம். பூத்தோய்ந்த செடிகளைப் பிடுங்காது காயவிட்டால், விதை மண்ணில் தங்கி ஆனி, ஆடி மழைக்கு முளைக்கும். கோடையில் ஆழ உழுதால் நுண்விதை புதைந்து வீணாகும்; மேலாகக் கொத்துவதே போதும். நான்கு இலை கண்டதும் 1 அடிக்கு ஒன்றாகக் கலைத்து, மிகுந்த நாற்றை வேறிடத்தில் நடலாம். அவை புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும்.

செண்டுகளுக்கு விடியற்காலையில் நீண்ட காம்புடன் அறுத்து உடனே நீரில் வைத்தல் வேண்டும். நிழலில் தலைகீழாய்த் தொங்கவிட்டு உலர்த்திய வாடாமல்லி பன்மாதம் நிறங்கெடாது. ஆதலின் விலை தாழ்ந்த நாளில் விற்றுத் தீர்க்க வேண்டுவதில்லை.

எச்சரிக்கைகள் இரண்டு. நல்ல பூக்களையெல்லாம் விற்றுக் கடைப்பட்டவற்றையே விதைக்கு விட்டால், தோட்டம் ஆண்டுக்காண்டு சீர்குலையும். சிறந்த செடிகளுக்கு அடையாளங்கட்டி விடுக. வீரிய ஒட்டுத் துலுக்கச் சாமந்தியின் விதையோ தாயைப்போல் வாராது. மேலும், கோழிக்கொண்டை வேர்க்கடலைக் கொல்லையில் களையாகும்; தனிப்பாத்தியிலேயே இடுக.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, நல்விதையைத் தம்முள் பரிமாறிக்கொள்ளச் செய்வார்களாக.