தகரப் பெட்டியும் பெயர் தெரியாத மனிதரும்

புது தில்லி: நாட்டின் மூன்றாவது, நான்காவது பொதுத் தேர்தல்களை நடத்திய தலைமைத் தேர்தல் ஆணையர் கே.வி.கே. சுந்தரத்தை அரசியல் நோக்கர்கள் அறிவார்கள். அவருடைய மகன் விவான் சுந்தரம் ஓர் ஓவியர் என்பதை அறிந்தவர்கள் குறைவு. சிம்லாவில் 1943-இல் பிறந்து 2023 மார்ச்சில் தில்லியில் காலமான அவர், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படங்களையும் சாதாரணப் பொருள்களையும் கலையாக்கியவர்.

தாய்வழியில் அவருக்குக் கிடைத்தது பெரும் சொத்து. பாட்டனார் உம்ராவ் சிங் ஷேர்கில் குடும்பத்தினரைப் பல ஆண்டுகள் படம் பிடித்தவர். பெரியம்மா, புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷேர்கில். விவான் பிறப்பதற்கு ஈராண்டு முன்பே, 1941-இல், லாகூரில் 28 வயதில் அவர் மறைந்தார். நேரில் காணாத அந்தப் பெரியம்மாவைப் படங்களின் வழியே தேடினார் விவான்.

முதலில் 1983-84-இல் அக்குடும்பத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அது போதவில்லை போலும். 2001-02-இல் பாட்டனார் எடுத்த புகைப்படங்களையும் அம்ரிதாவின் ஓவியங்களையும் கணினியில் இணைத்துப் புதிய படங்களை உருவாக்கினார். வெவ்வேறு காலத்தில் எடுக்கப்பட்டவர்கள் அவற்றில் ஒரே அறையில் நிற்கிறார்கள். மகளும் தந்தையும் அருகருகே இருக்கும் அப்படங்களில், பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது வரும் ஏக்கமும் உண்டு, சிறிது சங்கடமும் உண்டு.

இது வசதியான குடும்பம் ஒன்றின் நினைவுதானே என்று கேட்கலாம். அதற்கான பதில் அவருடைய 1993-ஆம் ஆண்டுப் படைப்பான 'மெமோரியல்'-இல் இருக்கிறது. பாபர் மசூதி இடிப்பைத் தொடர்ந்த பம்பாய்க் கலவரத்தில் தெருவில் இறந்து கிடந்த ஒருவரைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோஷி ஜால் படம் எடுத்திருந்தார். பார்த்துவிட்டு மறுநாள் பழைய பேப்பரில் போட்டுவிடும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, அதன் மீது ஆணிகளைப் பதித்தார் விவான். தகரப் பெட்டிகளை அடுக்கி ஒரு வாயிலும் அமைத்தார். தில்லி ரயில் நிலையத்தில் பிழைப்புத் தேடி வந்து இறங்குவோரின் தலையில் நாம் காணும் அதே பெட்டிகள். சொந்தப் பாட்டனாரின் ஆல்பத்துக்குக் காட்டிய அக்கறையை, முன்பின் அறியாத ஒருவருக்கும் அவர் காட்டினார் என்பதே இதில் முக்கியம்.

கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை 1998-இல் மகாராஷ்டிர சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அதன் முக்கிய முடிவுகளை அன்றைய சிவசேனை-பாஜக அரசு ஏற்கவில்லை. இறந்தவர்கள் 900 பேர் என்று கூறும் அவ்வறிக்கை, அவர்களை மதவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்தக் கணக்கில் 45 பேர் 'அடையாளம் தெரியாதவர்கள்'.