பாசிக்கு எது குறைவு?

ஓடைக் கற்களில் படரும் பாசி, அதன் தேவைக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும் சத்தின் அளவுக்கே வளரும். மற்றச் சத்துகள் எவ்வளவு பெருகினாலும் பயனில்லை. நன்னீரில் அப்படிக் குறைவது பெரும்பாலும் பொசுபரசு. சில இடங்களில் நைதரசன். பல ஓடைகளில் இரண்டும். 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாக்கினர். இரு பாதிக்கும் காபனும் நைதரசனும் இட்டு, ஒன்றுக்கு மட்டும் பொசுபரசையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டுமே பச்சை பூத்தது.

ஓடும் நீரில் திரை கட்ட முடியாது. அங்கே உதவுவது பூச்சட்டி. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பரப்பிய முறை இது. சுடுமண் சட்டிக்குள் சத்துக் கலந்த அகரை நிரப்பி, வாயை அடைத்து நீரில் இறக்குவார்கள். அகர் வேறொன்றுமல்ல, நோன்பு மாதத்தில் கொழும்பு வீடுகளில் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசிதான். ஒரு சட்டியில் நைதரசன், ஒன்றில் பொசுபரசு, ஒன்றில் இரண்டும், ஒன்றில் வெறும் அகர். மண்ணின் நுண்துளைகளால் சத்து மெல்லக் கசிய, சில வாரங்களில் சட்டியின் வெளிப்புறத்தில் பாசி படியும். அதைச் சுரண்டிப் பச்சையத்தை அளந்தால், எது குறைவு என்பதை ஓடையே சொல்லிவிடும். நான்கு சட்டிகளும் ஒன்றுபோல வெறிச்சோடிக் கிடந்தால், அங்கே குறைவு பெரும்பாலும் வெயில்: கரை மரங்களின் நிழல் பாசியை அடக்கி வைத்திருக்கிறது.

1886 முதல் கொழும்புக்கு நீர் தரும் லபுகம நீர்த்தேக்கத்துக்கும், பின்னர் வந்த களட்டுவாவவுக்கும் அந்தக் காப்பு உண்டு. அவற்றின் ஓடைகள் காட்டுக்குள்ளிருந்து வருகின்றன. நகர நடுவிலுள்ள பேரை வாவியோ கழிவுநீரை ஏற்றுப் பச்சைக் குழம்பாகக் கிடக்கிறது. மலைநாட்டில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் அளவுமீறி இடும் பசளை, மழையோடு நானு ஓயாவில் இறங்கிக் கொத்மலையை நோக்கிப் போகிறது. கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியது. அந்த இனம் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.

பொசுபரசு ஒருமுறை தேக்கத்தின் அடிச்சேற்றில் படிந்துவிட்டால், பிராணவாயு குறையும் காலங்களில் மீண்டும் நீரில் கரைந்து வரும். ஆகவே தடுக்கவேண்டிய இடம் ஓடைதான். மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளை இடவேண்டும். ஓடைக்கரை மரங்களில் கத்தி படக்கூடாது.