பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் கைகொடுக்கும் திறந்த மூல மென்பொருள்: செயற்கை நுண்ணறிவால் மாறுவது என்ன?

திருவனந்தபுரம்: வங்கிக் கணக்கு தொடங்குவதற்குக் கைப்பேசியின் முன் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனை, பார்வையற்றோரையும் அமிலத் தாக்குதலில் கண் பாதிக்கப்பட்டோரையும் தடுத்து நிறுத்தியது. இது தொடர்பான வழக்கில், எண்ம சேவைகளைப் பெறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என 2025 ஏப்ரல் 30-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவரும் கருவிகள் எங்கிருந்து கிடைக்கும் என்பதே அடுத்த கேள்வி. அதற்கான விடையின் ஒரு பகுதி கேரளத்தில் உள்ளது.

திறந்த மூலம் என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை அளிப்பதே திறந்த மூல முறை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. இத்துறைக்கெனக் கேரள அரசு நிறுவிய 'ஐசிஃபாஸ்' என்ற தன்னாட்சி மையமும் இந்நகரில் இயங்குகிறது.

பயன் யாருக்கு?

திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றும் மென்பொருள் 'திரைவாசிப்பான்' எனப்படுகிறது. வணிகத் திரைவாசிப்பான்களின் விலை பலருக்கு எட்டாதது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய 'என்விடிஏ' இலவசமாகவே கிடைக்கிறது. அதனுடன் வரும் 'இஸ்பீக்' என்ற திறந்த மூலக் குரல் மென்பொருள் தமிழையும் மலையாளத்தையும் வாசிக்கும்.

கேரளத்தில் உருவான 'ஐபஸ் பிரெய்ல்' என்ற மென்பொருள், சாதாரண விசைப்பலகையின் ஆறு விசைகளை பிரெய்ல் புள்ளிகளாகக் கொண்டு இந்திய மொழிகளில் தட்டச்சு செய்ய உதவுகிறது. இதற்கெனத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவின் பங்கு

திரைவாசிப்பானால் எழுத்தை மட்டுமே வாசிக்க இயலும். படத்தில் இருப்பதை விவரிக்கவும், பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிச் செவித்திறன் குறைந்தோருக்குக் காட்டவும் செயற்கை நுண்ணறிவு தேவைப்படுகிறது.

ஓபன் ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் 'விஸ்பர்' என்ற பேச்சறி மாதிரியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. தொடக்கத்தில் அதன் மலையாளத் துல்லியம் குறைவாகவே இருந்தது. மாதிரி திறந்திருந்ததால், ஆர்வலர்கள் மலையாளக் குரல் பதிவுகளைக் கொண்டு அதை மேலும் பயிற்றுவித்தனர். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால், நிறுவனம் முன்வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

அந்தரங்கமும் இதில் அடங்கியுள்ளது. மருத்துவ அறிக்கையையோ வங்கி விவரத்தையோ பிறர் உதவியின்றி வாசிக்க விரும்பும் ஒருவர், அதன் படத்தைத் தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப நேரிடுகிறது. திறந்த மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே இயக்க இயலும் என்பதால் இந்தத் தயக்கம் நீங்குகிறது.

எச்சரிக்கை தேவை

செயற்கை நுண்ணறிவு தவறாகவும் விவரிக்கும். மருந்தின் அளவைப் பிழையாகச் சொன்னால், பார்வையற்றவரால் அதைக் கண்டறிவது கடினம். சைகை மொழியில் தரவுகளின் பற்றாக்குறையும் உள்ளது. மலையாள எழுத்துகளுக்கான ஒருமித்த விரல் சைகைகளையே திருவனந்தபுரத்தில் உள்ள தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 2021-இல்தான் உருவாக்கியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். கருவிகளைச் சோதிப்பதில் மட்டுமன்றி, வடிவமைப்பதிலும் அவர்கள் இடம்பெற்றால்தான் நீதிமன்றம் அளித்த உரிமை அன்றாட வாழ்வில் பயன் தரும். நிரல் திறந்திருப்பது அதற்கு வழிவகுக்கிறது.