பனிமலைக்குச் செல்வோர் படிக்க வேண்டிய அறிக்கை

வானம் வெளித்தால் அது பயணத்துக்கு நல்ல நாள் என்பது சமவெளியில் வாழும் எமது எண்ணம். அல்ப்ஸ் மலைகளிற் பனிச்சறுக்காடச் செல்வோரின் உயிருக்கே இவ்வெண்ணம் உலை வைத்துவிடும்.

வானிலை அறிக்கையில் முதலில் நோக்க வேண்டுவது, வெப்பநிலை பூச்சியப் பாகையாகும் உயரம். அது 2,000 மீற்றராயின், ஏறத்தாழ 1,700 மீற்றருக்குக் கீழே பெய்வது பனியன்று, மழையே. 10 மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் பனியாகப் பெய்தால், ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் படியும்.

அடுத்து நோக்க வேண்டுவது காற்று. அது பனியை வாரிச் சென்று மலையின் மறுபுறச் சரிவுகளிற் குவிக்கின்றது. புயல் ஓய்ந்து ஞாயிறு ஒளிரும் மறுநாளில், குறியிட்ட தடத்தை விட்டு விலகும் ஒருவனின் பாரத்தாலேயே அக்குவியல் சரிந்து வீழக்கூடும்.

ஆதலின் பனிச்சரிவு அறிக்கையையும் படித்தல் வேண்டும். சுவிற்சர்லாந்தின் தாவோஸ் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையம் மாரிகாலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அதனை வெளியிடுகின்றது. அபாயத்தை அது 5 படிகளாக வகுக்கும். மூன்றாம் படி நடுத்தரந்தானே என எண்ணுதல் பெருந்தவறு; உயிரிழப்புகளுள் ஏறக்குறைய அரைப்பங்கு அப்படியிலேயே நிகழ்கின்றது.

அறிக்கையைப் படித்துப் பயணத்தைத் தள்ளிவைப்பவன் இழப்பது ஒருநாள் விளையாட்டை மட்டுமே.