இலத்தீன் அகராதியைத் திறப்போம்

கல்லறைகளின் மேல் ஆர்.ஐ.பி. என்ற மூன்றெழுத்து. பாடுபட்ட சுரூபத்தின் தலைமாட்டில் ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கெழுத்து. கடிகார நேரத்தோடு ஏ.எம்., பி.எம். பள்ளி அலுவலகத்தில் நாம் கேட்டு வாங்கும் ‘போனஃபைடு’ சான்றிதழ். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் டி.டி.எஸ். நீதிமன்ற அறிவிப்பில் ‘எக்ஸ் பார்ட்டி’. இவற்றையெல்லாம் ஆங்கிலம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் இவை யாவும் இலத்தீன்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டுத் தாய்மொழிகளுக்கு வழிபாட்டில் இடம் தந்தது. அதன் பயனாக நாம் தமிழிலே திருப்பலி காண்கிறோம். பீடத்தை விட்டு இலத்தீன் பெரும்பாலும் விலகிவிட்டது. ஆயினும் மருந்துச் சீட்டிலும் வழக்கு மன்றத்திலும் அது இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நாம் இலத்தீன் புலவர்களாக வேண்டியதில்லை. ஒரு நல்ல அகராதியும் அதைத் திறக்கும் முறையும் தெரிந்தால் போதும்.

தலைச்சொல்லைக் கண்டுபிடித்தல்

முதன்முதலாக இலத்தீன் அகராதியைத் திறப்பவர்களுக்கு ஏமாற்றமே காத்திருக்கும். தேடிப்போன சொல் பெரும்பாலும் அங்கே இராது! காரணம் எளிது. தமிழ் அகராதியில் ‘வீட்டிற்கு’ என்று தேடினால் கிடைக்குமா? ‘வீடு’ என்றுதான் தேட வேண்டும். ‘வந்தாள்’ என்பதற்கு ‘வா’ என்ற இடத்துக்குப் போக வேண்டும். இலத்தீனும் அவ்வாறே. வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லின் ஈற்றிலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவியைவிடத் தமிழ் அறிந்த மாணவிக்கு இலத்தீன் அகராதி எளிதில் வசமாகும்.

பெயர்ச்சொற்களை அகராதி எழுவாய் வடிவத்தில் தரும். அதை அடுத்து ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் தரும். ‘பாக்ஸ், பாச்சிஸ்’ என்றால் அமைதி, அமைதியினுடைய என்று பொருள். ‘வீடு’ என்பது ‘வீட்டை’ என்று மாறுவது போலவே, ‘பாக்ஸ்’ என்பது வேற்றுமை ஏற்கும்போது மாறுகிறது. இப்படி எக்ஸ் எழுத்தில் முடியும் சொற்கள் பல உண்டு. ரெக்ஸ் (அரசன்) ரேஜிஸ் ஆகும். வோக்ஸ் (குரல்) வோச்சிஸ் ஆகும். லூக்ஸ் (ஒளி) லூச்சிஸ் ஆகும். குருக்ஸ் (சிலுவை) குரூச்சிஸ் ஆகும். தவக்காலத்தில் நாம் செய்யும் சிலுவைப் பாதைக்கு இலத்தீனில் ‘வியா குரூச்சிஸ்’ என்று பெயர். அதைத் தேடுபவர் ‘குருக்ஸ்’ என்ற தலைச்சொல்லுக்குப் போக வேண்டும். நம் முன்னோர் வழங்கிய ‘குருசு’ என்ற சொல்லும் போர்த்துக்கீசிய மொழி வழியாக இதே வேரிலிருந்து வந்ததே.

வினைச்சொற்களைப் பெரும்பாலான அகராதிகள் ‘நான் செய்கிறேன்’ என்ற வடிவத்தில் தருகின்றன. ‘நேசிக்க’ என்பதைத் தேடினால் ‘நேசிக்கிறேன்’ என்ற பொருளுள்ள ‘ஆமோ’ என்ற சொல்லே தலைப்பில் நிற்கும். வினையின் ஈற்றைப் பார்த்தே யார் செய்கிறார் என அறியலாம். ஓ என முடிந்தால் நான். எஸ் என முடிந்தால் நீ. டி என முடிந்தால் அவன் அல்லது அவள். ‘முஸ்’ என முடிந்தால் நாம். ‘வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறோம்’ என்று பேசும் நமக்கு இது புதிதன்று. மரியன்னையின் புகழ்ப்பாடலுக்கு ‘மாக்னிஃபிக்காத்’ என்று பெயர். ஈற்றிலுள்ள ‘த்’ என்ற ஒலியைக் கண்டு, ‘மாக்னிஃபிக்கோ’ என்ற தலைச்சொல்லுக்குப் போனால், ‘பெருமைப்படுத்துகிறது’ என்ற பொருள் கையில் கிடைக்கும்.

ஒட்டிய சொல்லைப் பிரித்தல்

தமிழில் ‘அவளும்’ என்பதில் ‘உம்’ ஒட்டியிருக்கிறது; ‘அவளா?’ என்பதில் ‘ஆ’ ஒட்டியிருக்கிறது. இலத்தீனில் இதே வேலையைச் செய்யும் ஒட்டுகள் உண்டு. ‘க்வே’ என்பது நம் ‘உம்’. ‘நே’ என்பது நம் வினா ‘ஆ’. அகராதியில் ஒரு சொல் கிடைக்காவிட்டால் ஈற்றில் இவை உள்ளனவா என்று பார்த்து நீக்க வேண்டும். வரலாற்றுப் புகழ் பெற்ற ‘ஃபிலியோக்வே’ என்ற சொல்லே சான்று. ‘க்வே’யை நீக்கினால் ‘ஃபிலியோ’. அதன் தலைச்சொல் ‘ஃபிலியுஸ்’, மகன். முழுப்பொருள் ‘மகனிடமிருந்தும்’. தூய ஆவியைப் பற்றிய விசுவாச அறிக்கையில் இந்த ஒரு சொல்லைச் சேர்க்கலாமா என்பது கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் பிரிவதற்கு அமைந்த காரணங்களுள் ஒன்றாயிற்று. ‘உம்’ என்ற ஓர் இடைச்சொல்லுக்கு எத்துணைக் கனம்!

ஒரு வடிவம், மூன்று வேற்றுமை

நமக்கு வேற்றுமை எட்டு, இலத்தீனுக்கு ஆறு. அங்கே ‘அபிளேட்டிவ்’ என்னும் ஒன்றே நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைச் செய்கிறது. ஏ.டி. என்பதன் விரிவு ‘ஆன்னோ தோமினி’. ஆன்னுஸ், ஆண்டு, தோமினுஸ், ஆண்டவர். ஆக, ‘ஆண்டவரின் ஆண்டில்’ என்பது பொருள். இது நம் ஏழாம் வேற்றுமை. இவ்வெழுத்துகள் ‘இறப்புக்குப் பின்’ என்ற ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று சிலர் கூறுவர். அப்படியானால் இயேசு இம்மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அகராதி ஒரு நிமிடத்தில் இதைத் தீர்த்துவிடுகிறது. இவ்வாறு ஆண்டுகளை எண்ணும் முறையை 525-ஆம் ஆண்டில் வகுத்தவர் தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் என்ற துறவி.

வாய்மொழித் தேர்வை நாம் ‘வைவா’ என்கிறோம். முழுவடிவம் ‘வீவா வோச்சே’. ‘உயிருள்ள குரலால்’ என்பது பொருள். இது மூன்றாம் வேற்றுமை. ‘போனா ஃபீதே’ என்றால் ‘நல்ல நம்பிக்கையோடு’, அதாவது வஞ்சனையின்றி; இதுவும் மூன்றாம் வேற்றுமையே. ‘ஃபிலியோக்வே’ ஐந்தாம் வேற்றுமை. எந்த வேற்றுமை பொருந்தும் என்பதை இடம் நோக்கித் தேர்வது நம் பொறுப்பு. அகராதி வழிகாட்டுமேயன்றி நமக்காகச் சிந்திக்காது.

இனி ஆர்.ஐ.பி.யைப் பார்ப்போம். ‘ரெக்குயெஸ்காத் இன் பாச்சே’ என்பது அதன் விரிவு. ‘ரெக்குயெஸ்கோ’ என்ற தலைச்சொல்லுக்கு இளைப்பாறுகிறேன் என்று பொருள். ஆனால் இங்கே வந்துள்ள வடிவம் விருப்பத்தைக் காட்டும் வடிவம். நம் இலக்கணத்தில் வியங்கோள் என்போமே, அதுதான்! ‘இவர் அமைதியில் இளைப்பாறுவாராக.’ ஆங்கிலத்தில் படிக்கும்போது இறந்தவரிடம் பேசுவது போலத் தோன்றும்; இலத்தீனில் அது இறந்தவருக்காக இறைவனிடம் செய்யும் செபமாக நிற்கிறது.

குறிலும் நெடிலும்

நல்ல அகராதிகளில் உயிரெழுத்தின் மேல் சிறு கோடு இருந்தால் அது நெடில். ‘கல்’ வேறு, ‘கால்’ வேறு என்பதை அறிந்த நாம் இக்கோட்டை அலட்சியம் செய்யலாகாது. குறிலோடு ‘மலும்’ என்றால் தீமை. நெடிலோடு ‘மாலும்’ என்றால் ஆப்பிள். ஆதியாகமத்தில் விலக்கப்பட்ட கனி இன்ன கனி என்று பெயர் சொல்லப்படவில்லை. மேலை நாட்டு ஓவியர்கள் அதனை ஆப்பிளாகத் தீட்டியதற்கு இச்சொல் ஒற்றுமையும் ஒரு காரணம் என்பர் சிலர்.

எழுத்து வேறுபாடும் உண்டு. பழைய இலத்தீனில் ஐ, ஜே இரண்டும் ஒரே எழுத்து. யு, வி இரண்டும் ஒரே எழுத்து. சிலுவை மேலுள்ள ஐ.என்.ஆர்.ஐ. என்பது ‘இயேசு நசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும்’, அதாவது ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்’. இதில் இயேசுவுக்கும் யூதருக்கும் ஐ எழுத்தே வந்திருக்கிறது. ஐ வரிசையில் கிடைக்காவிட்டால் ஜே வரிசையில் தேடிப் பார்க்க வேண்டும்.

தொடரைத் தொடராகவே காணுதல்

சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் சில தொடர்கள் நம்மை ஏமாற்றிவிடும். 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலின் பெயர் ‘ரேரும் நோவாரும்’. ‘ரேஸ்’ என்றால் பொருள், காரியம். ‘நோவுஸ்’ என்றால் புதிய. ‘புதிய காரியங்களின்’ என்று எழுதிவிட்டு அகராதியை மூடிவிடலாமா? கூடாது. பதிவின் கீழ்ப்பகுதி வரை படித்தால், இவ்விரு சொற்களும் சேரும்போது ‘ஆட்சி மாற்றம், புரட்சி’ என்ற பொருள் வருவதைக் காண்போம். தமிழில் ‘கை கழுவுதல்’ என்ற தொடருக்குக் கையும் நீரும் மட்டுமா பொருள்? ஆகவே பதிவை இறுதிவரை படிப்பது முதற்கடமை.

எந்த அகராதி?

1879-இல் வெளிவந்த லூயிஸ், ஷார்ட் இருவரின் பேரகராதி திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளையும் எடுத்தாள்கிறது. 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு இலத்தீன் அகராதியோ ஏறக்குறைய கி.பி. 200-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. எனவே செபங்களின் சொற்களைத் தேட முன்னதே ஏற்றது. சட்டச் சொற்களுக்கு 1891-இல் முதற்பதிப்புக் கண்ட பிளாக் என்பவரின் சட்ட அகராதி போன்றவை வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 32, 226-ஆம் பிரிவுகள் ஐந்து நீதிப்பேராணைகளைக் குறிப்பிடுகின்றன. அவற்றுள் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்பது ‘நீ உடலைக் கொண்டிருப்பாயாக’ என்று தொடங்கும் ஆணை. தமிழில் ஆட்கொணர்வு ஆணை. ‘மாண்டமஸ்’ என்றால் ‘கட்டளையிடுகிறோம்’. ஈற்றிலுள்ள ‘முஸ்’ என்பதே ‘நாம்’ என்று காட்டிவிடும். ‘கோ வாரண்டோ’வில் வரும் வாரண்டோ இடைக்காலத்தில் புகுந்த சொல், சிசரோ காலத்து இலத்தீனுக்கான அகராதியில் அதைத் தேடுவது வீண். சிறு தேவைகளுக்கு, ஆங்கில அகராதிகள் பலவற்றின் பின்பக்கங்களில் உள்ள அயல்மொழித் தொடர்களின் பட்டியலே உதவும்.

இல்லத்திற்கு வரும் பயன்

இது வெறும் அறிவு விளையாட்டா, தோழியரே? அன்று. வீட்டில் படித்த பெண் என்று மருந்துச் சீட்டையும் அரசாங்கக் கடிதத்தையும் நம் கையில்தானே கொடுக்கிறார்கள்! பி.டி. என்றால் ‘பிஸ் தீயே’, நாளில் இருமுறை. டி.டி.எஸ். என்றால் ‘தேர் தீயே சுமெந்தும்’, நாளில் மூன்று முறை உட்கொள்ள வேண்டியது. ஏ.சி. ஆகாரத்துக்கு முன்; பி.சி. ஆகாரத்துக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்பதைக் கண்டு, கப்பல்களின் அபாயக் குறி என எண்ணி உடனே மருந்தைக் கொடுத்துவிடலாகாது. சீட்டில் அது ‘சீ ஓபுஸ் சித்’, அதாவது ‘தேவைப்பட்டால் மட்டும்’. ஓ.டி. என்பதற்கோ ‘நாள்தோறும்’ என்றும் ‘வலக்கண்’ என்றும் இரு விரிவுகள் உண்டு. இத்தகைய இடத்தில் அகராதியோடு நில்லாமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டே ஆக வேண்டும். எங்கே கேட்க வேண்டும் என்று தெரிவதும் அகராதி தரும் அறிவே.

‘எக்ஸ் பார்ட்டே’ என்பதில் ‘எக்ஸ்’ என்றால் இருந்து. ‘பார்ட்டே’யின் தலைச்சொல் ‘பார்ஸ்’, பக்கம். ‘ஒரு பக்கத்திலிருந்து’ என்பது பொருள். எதிர்த்தரப்பு வராததால் ஒருவரை மட்டும் கேட்டு வழங்கிய தீர்ப்பு அது. அதை விலக்கக் கோரி மனுச் செய்ய, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் தருகிறது. அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து 30 நாள். பொருள் தெரியாமல் காகிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால், நாள் கடந்து நிலமோ வீடோ கையை விட்டுப் போகவும் கூடும். பொருள் அறிந்த ஒரு பெண் அன்றே தந்தையை வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்வாள்.

தமிழுக்கும் இலத்தீனுக்கும் பாலம் கட்டிய பெருமகன் வீரமாமுனிவர். 1732-இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சதுரகராதியை ஆக்கினார். தமிழ்-இலத்தீன் அகராதியும் தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். இத்தாலியில் பிறந்த ஒருவர் நம் மொழியை இவ்வளவு கற்றாரென்றால், அவருடைய மறைமொழியின் சில சொற்களையேனும் நாம் அறிய முயல்வது பெரிதன்று.

ஆகவே இவ்வாண்டில் ஒரு சிறு குறிப்பேடு வைப்போம். காணும் இலத்தீன் சொல்லை உள்ளபடியே எழுதுவோம்; ஒட்டைப் பிரிப்போம்; தலைச்சொல்லைக் கண்டு பதிவை இறுதிவரை படிப்போம்; பொருளைத் தமிழில் எழுதி இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம். நாளுக்கு ஒரு சொல் போதும். நாம் பயிலும் பள்ளிக்கு ‘ஆல்மா மாத்தெர்’ என்று பெயர். முதல் சொல்லாக அதையே எடுத்துக்கொள்வோம். ‘ஆல்முஸ்’ என்ற தலைச்சொல்லைத் திறந்து பாருங்கள். ‘ஊட்டி வளர்க்கும் தாய்’ என்று விடை வரும்.