உடலின் அமைப்பு

செங்கற்களை அடுக்கினால் சுவராகும். சுவர்கள் கூடினால் அறையாகும். அறைகள் பல சேர்ந்தால் வீடாகும். மனித உடலும் இவ்வாறே படிப்படியாக அமைந்துள்ளது. ஆயினும், வீட்டின் செங்கல்லுக்கு உயிரில்லை. உடலின் செங்கல்லுக்கோ உயிருண்டு. அதுவே உயிரணு.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். நுண்ணோக்கியின் துணையின்றி அவற்றுள் பெரும்பாலானவற்றைக் காண இயலாது. ஒத்த தொழிலுடைய உயிரணுக்கள் கூடித் திசுவாகின்றன. திசுக்கள் நால்வகைப்படும். போர்த்திக் காப்பது எபிதீலியத் திசு. இணைத்துத் தாங்குவது இணைப்புத் திசு. சுருங்கி விரிந்து இயக்குவது தசைத் திசு. செய்தியைக் கொண்டு செல்வது நரம்புத் திசு. இவை சேர்ந்து உறுப்பாகின்றன. இதயத்தில் இந்நான்கு திசுக்களையும் காணலாம். இதயமும் இரத்தக் குழாய்களும் இரத்தமும் சேர்ந்தது இரத்த ஓட்ட மண்டலம். இத்தகைய மண்டலங்கள் பல கூடியதே உடல்.

இவற்றுள் ஒன்றும் தனித்து வாழ்வதில்லை. மூளையின் எடை உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. எனினும், உடல் ஓய்ந்திருக்கும்போதும், அது பெறும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே செலவிடுகிறது. அவ்வளியை நுரையீரல் ஈர்க்க வேண்டும். இதயம் செலுத்த வேண்டும். இரத்தம் சுமக்க வேண்டும். சில நிமிடங்கள் அது கிட்டாவிடின் மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்கும்.

இவ்வுண்மைகளை மனிதன் எளிதில் அறிந்தானல்லன். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர், குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்து ஆராய்ந்தார். மனித உடலும் அவற்றைப் போன்றதே எனக் கொண்டார். மனிதனின் கீழ்த்தாடையில் இரண்டு எலும்புகள் உள்ளன என்றார். அவர் கூற்றை 1300 ஆண்டுகளாக மருத்துவ உலகம் போற்றி வந்தது. ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலைப் படிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுப்பார். நூலையும் உடலையும் ஒப்பிட்டு நோக்கியவர் அரியர்.

இத்தாலியின் பாதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த வெசாலியசு, இருக்கையை விட்டு இறங்கித் தாமே கத்தியை எடுத்தார். கீழ்த்தாடை ஒரே எலும்பாக இருக்கக் கண்டார். தாம் கண்டவற்றைத் தெளிந்த படங்களுடன் 1543-இல் நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 28. பாரிசில் அவருக்குக் கற்பித்த சில்வியசு என்பவரே, 1551-இல் அவரைப் பித்தர் எனப் பழித்து நூல் எழுதினார். ஆயினும் தாடையெலும்பு ஒன்றாகவே இருந்தது!

பெரியோர் சொல் மதிக்கத்தக்கதே. எனினும், அச்சொல்லைக் கண்ணால் கண்டு தெளிவது அறிவுடைமை. அவ்வாறு கண்டு தெளிந்தோரின் உழைப்பாலேயே இன்று மருத்துவரின் கை நோயுற்ற இடத்தைப் பிழையின்றி நாடுகிறது.